மே மாதத்தில் வஞ்சிரம் கிலோ 450 ரூபாய்

கேள்வி:

"சார், நானும் அம்மாவும் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறோம். அம்மா விடியற்காலையில் ஏலத்தில் எடுப்பார். நான் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆர்டர் பிடித்து, சுத்தம் செய்து, பெரம்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் வரை வீட்டுக்கே அனுப்புகிறேன். நாலு வருஷத்தில் 14,000 ஃபாலோயர்ஸ். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, வாரா வாரம் வாங்கும் அண்ணா நகர் அக்காவின் ஐடியிலிருந்து 'என் அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சும்மா, உன் நம்பருக்கு ஒரு லிங்க் வரும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு' என்று மெசேஜ். அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் என் ஐடி என் கையில் இல்லை. 'தடைக்கால ஆஃபர், வஞ்சிரம் கிலோ 450, அட்வான்ஸ் கட்டினால் மட்டும்' என்று ஸ்டோரி போட்டு ஏழு பேரிடம் 23,600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஐடி கிடைத்தது. ஆனால் ஆர்டர் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒருவர் தன் அபார்ட்மென்ட் குரூப்பில் என்னைத் திருடி என்றே போட்டுவிட்டார். இந்த ஐடியை மூடிவிட்டு வேறு பேரில் ஆரம்பிக்கலாமா? அந்தப் பணத்தை நான் கொடுக்க வேண்டுமா? இன்ஸ்டாகிராம்காரர்களுக்குப் பொறுப்பே கிடையாதா? அம்மா, 'நாம திருடல, எதுக்கு மன்னிப்பு கேக்கணும்' என்கிறார்."

பதில்:

சகோதரி, முதலில் அந்த விலையைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் போட்டில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு யானை விலை. அந்த நேரத்தில் வஞ்சிரம் 450 ரூபாய் என்று காசிமேட்டில் யாராவது கூவினால், 'எந்த வருஷத்து மீனு?' என்று உங்கள் அம்மாவே கேட்பார். திருடனுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஏழு பேர் பணம் கட்டினார்கள். விலையைப் பார்த்து வந்திருக்க வேண்டிய சந்தேகம், மேலே இருந்த உங்கள் பெயரைப் பார்த்ததும் போய்விட்டது. நாலு வருஷமாகக் கெட்ட மீன் ஒன்றுகூட அனுப்பாத பெயர் அது. திருடன் அடித்தது அந்தப் பெயரைத்தான். 23,600 அதற்குக் கிடைத்த அடிமாட்டு விலை.

உங்களிடம் அவன் வந்த வழியும் அதேதான். அண்ணா நகர் அக்காவின் பெயரில் வந்தான். உங்கள் ஃபோனுக்கு வந்த லிங்க், அந்த அக்காவின் கணக்குக்கானது இல்லை. உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு இன்ஸ்டாகிராம் உங்களுக்கு அனுப்பியது. ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்த லிங்கை ஒரு எழுத்து விடாமல் அவன் தட்டச்சு செய்திருக்கிறான், கதவு திறந்துவிட்டது. பூட்டும் உடையவில்லை, எந்தக் கம்ப்யூட்டர் வித்தையும் நடக்கவில்லை. ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையில் படிக்கட்டு மாதிரி ஏறி வந்திருக்கிறான்.

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். 2020 ஜூலை 15ஆம் தேதி ட்விட்டரில் ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க், ஆப்பிள் கம்பெனி என்று வரிசையாகப் பலருடைய கணக்கிலிருந்தும் 'பிட்காயின் அனுப்பு, இரட்டிப்பாகத் தருகிறேன்' என்று பதிவு வந்தது. சுமார் 130 கணக்குகளைக் குறிவைத்து, 45 கணக்குகளில் பதிவும் போட்டுவிட்டார்கள். உள்ளே நுழைந்தது எப்படி? ட்விட்டர் ஊழியர்களுக்கே ஃபோன் போட்டு, ஆபீஸ் ஆள் மாதிரிப் பேசி, பாஸ்வேர்டை வாங்கித்தான். முக்கியக் குற்றவாளிக்கு அப்போது வயது 17. அன்றைக்கு ட்விட்டர் செய்ததையும் கவனியுங்கள். நீல டிக் வைத்த கணக்குகள் எல்லாவற்றையும் சில மணி நேரம் பதிவு போட விடாமல் நிறுத்திவைத்தது. அதனால் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு அரசு வானிலை அலுவலகம் சூறாவளி எச்சரிக்கையைக்கூட ட்வீட் செய்ய முடியாமல் தவித்தது. கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்த உங்களுக்கு அதன் கனம் தெரியும். அப்படியும் வாயை மூடவைத்தார்கள், ஏனென்றால் பொய் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் செலவு.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் இன்னொரு வரிக்கு வருகிறேன். மேலே சுருக்கிப் போட்டதில் அது விடுபட்டிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கே உங்கள் மாமா பையன் ஃபோன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். நீங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'எங்க ஐடி ஹேக் ஆயிடுச்சு' என்று போட்டது ஞாயிறு மாலை 6 மணிக்கு. நடுவில் 19 மணி நேரம். 'அசிங்கமா இருந்துச்சு சார், காலைக்குள்ள சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அசிங்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்பது மீன் வாங்கும் நேரம். ஏழில் நாலு பேர் பணம் கட்டியது அந்தக் காலையில்தான். கணக்கு திரும்பக் கிடைத்த பிறகு, கீழே திட்டியிருந்த கமெண்ட்டுகளை எல்லாம் அழித்தீர்களே, அபார்ட்மென்ட் குரூப்பில் 'திருடி' என்று விழுந்தது அதற்கு மறுநாள். கணக்கு போனதால் உங்களுக்கு அந்தப் பட்டம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டவர் வாயை அடைத்ததால் வந்தது.

என் பெரியம்மா புது வண்ணாரப்பேட்டையில் சீட்டு பிடித்தவர். இருபது வீடு. ஒரு தடவை சீட்டு எடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி பீரோவை உடைத்துப் பணத்தை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பா, முதலில் ஸ்டேஷனுக்குப் போகலாம், தெருவில் யாருக்கும் சொல்லாதே என்றார். பெரியம்மா கேட்கவில்லை. பால்காரன் வருவதற்கு முன்னாலேயே தலையை முடிந்துகொண்டு கிளம்பி, இருபது வீட்டுக் கதவையும் அவரே தட்டினார். 'பணம் போயிடுச்சுக்கா. யார் யாருக்கு எவ்ளோன்னு நோட்டுல இருக்கு. டைம் குடு.' நாலு பேர் அன்றைக்கே விலகினார்கள், ஒருத்தர் சாபமே விட்டார். மிச்சம் பதினாறு பேர் இருந்தார்கள். கடனை அடைத்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. அந்தப் பதினாறு பேரும் விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரி வாயால் கேட்கவில்லை, அவர் வாயால் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பணம். சட்டப்படி பார்த்தால் ஏமாற்றியவன் அவன், பணம் போனது அவன் கணக்குக்கு. உங்கள் பெயரைத் திருடிப் பயன்படுத்தியதால் நீங்களும் புகார்தாரர்தான். ஏழு பேருக்கும் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு பேரையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு முன்னால் கட்டிய மூன்று பேர், 7,200 ரூபாய். அப்போது உங்களுக்கே தெரியாது. அவர்கள் புகார் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள், அது போதும். ஞாயிறு காலை கட்டிய நாலு பேருடைய 16,400 வேறு கதை. உங்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதா மாதம் கொடுங்கள், இல்லை அவர்கள் ஒத்துக்கொண்டால் மீனாகக் கழியுங்கள். இது சட்டம் சொல்வதில்லை, என் அபிப்பிராயம். இப்படி ஆலோசனை சொல்பவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அதனால் கொடுக்கும்போது ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: 'ஹேக் செய்தது நாங்கள் இல்லை. உங்களுக்கு நேரத்தோடு சொல்லாமல் விட்டதற்காக இதைத் தருகிறோம்.' புகார் மூலம் வங்கியிலிருந்து பணம் திரும்பினால் அப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், திருட்டுக்கு மன்னிப்பு கேட்க வேண்டியதே இல்லை. அந்த 19 மணி நேரத்துக்குக் கேட்டால் போதும்.

பெயரை மாற்றலாமா என்றால், வேண்டாம். தலைமறைவானவன்தான் பெயரை மாற்றுவான். பத்து நாள் கழித்து அதே காசிமேட்டிலிருந்து, அதே ஐஸ் பெட்டியை வைத்து, புதுப் பெயரில் ஒரு ஐடி வந்தால், பழைய வாடிக்கையாளர் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் திருடி என்ற வார்த்தைக்கு ஆதாரமும் கிடைத்துவிடும். பழைய ஐடியிலேயே இருங்கள். அழித்த கமெண்ட்டுகள் திரும்பி வராது, பரவாயில்லை. நடந்ததைத் தேதி, மணியோடு எழுதி மேலே பின் செய்து வையுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, லைக்கும் வருகிறது, அதனால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு அடி விழுந்த பிறகு ஜனங்கள் ஆப்பை விட்டு ஓடுவதில்லை. பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், பர்ஸைத் திறக்க மாட்டார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கடையின் சமூக ஊடகப் பக்கத்தைத் திருடியவன் அதில் சேர்த்திருந்த கிரெடிட் கார்டில் இரண்டு நாள் விளம்பரமாக ஓட்டித் தள்ளிவிட்டான். பக்கம் திரும்பியது, பார்வையாளர் எண்ணிக்கையும் திரும்பியது, ஆன்லைன் ஆர்டர் மட்டும் திரும்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், அடி வாங்காத பக்கத்துக் கடைக்காரருக்கும் ஆர்டர் குறைந்தது. 'அந்த ரோட்டுல ஆன்லைன்ல வாங்காத' என்று பேச்சு பரவிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியில் செய்தது பழைய வைத்தியம்: பொருள் கைக்கு வந்த பிறகு காசு.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கூடைக்கு முன்னால் நிற்கும் ஆள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். ஃபோனில் அது முடியாது. அந்தக் குறையை இத்தனை நாள் உங்கள் பெயர் ஈடுகட்டியது. பெயர் அடிபட்டிருக்கிற இந்த நேரத்தில் அட்வான்ஸ் கேட்டால் யார் தருவார்? மூன்று மாதத்துக்கு அட்வான்ஸையே நிறுத்துங்கள். மீன் வாசலுக்கு வரட்டும், பிரித்துப் பார்க்கட்டும், பிறகு ஜிபே பண்ணட்டும். ஒன்றிரண்டு ஆர்டர் கையைக் கடிக்கும். கடிக்கட்டும். அதோடு, பணம் அனுப்பும்போது திரையில் உங்கள் அம்மாவின் வங்கிப் பெயர்தான் வரும், வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். யுபிஐ ஆப்பில் பணம் போகும் முன்னால் பெறுபவரின் வங்கிப் பெயர் தெரியும். அந்த ஏழு பேருக்கும் வேறு யாரோ ஒருவருடைய பெயர்தான் தெரிந்திருக்கும். கவனிக்கவில்லை, ஏனென்றால் எந்தப் பெயர் வர வேண்டும் என்று நீங்கள் அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

இன்ஸ்டாகிராம் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி கையில் பணமாக வராது. அடுத்தவர் போட்ட பதிவுக்கு, உரிய கவனத்தோடு நடந்துகொண்ட தளத்தின் மேல் பழி வராது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு காப்பு கொடுக்கிறது. அவர்களிடம் இந்தியாவுக்கான குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 2021 ஏப்ரலில், இதே கம்பெனியின் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தும் 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள், ஃபோன் நம்பரோடு, இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. அதில் இந்தியர்கள் ஏறக்குறைய 60 லட்சம். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. நம்பர் போன எவருக்கும் அதிலிருந்து டீ குடிக்கக்கூட காசு வரவில்லை. நம் வாசலைப் பெருக்க அவர்கள் வர மாட்டார்கள்.

போலீஸ் விஷயத்தில் நீங்கள் பயந்து பின்வாங்கியது தப்பு. பணம் போனவுடன் கூப்பிட வேண்டிய எண் 1930. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூப்பிட்டால், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலை கட்டியவர்களுக்கு நீங்கள் சனி ராத்திரியே சொல்லியிருந்தால் கட்டியே இருக்க மாட்டார்கள் என்பது போக, சனி ராத்திரி கட்டிய மூன்று பேருடைய பணமும் எங்கேயாவது நின்றிருக்கலாம். இப்போதும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் ஏழு பேரும் தனித்தனியாகப் பதியட்டும், நீங்கள் உங்கள் கணக்குத் திருட்டுக்குத் தனியாகப் பதியுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை, அடையாளத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவு 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உங்கள் புகார் ஒப்புகைச் சீட்டின் நகலை அந்த ஏழு பேருக்கும் அனுப்புங்கள். அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டவருக்கும் ஒன்று, தனியாக, மரியாதையாக. அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள்.

பூட்டு வேலை கொஞ்சம் இருக்கிறது. உங்கள் ஐடியின் ஈமெயில் மாமா பையனுடையது என்கிறீர்கள். 'உங்கள் ஈமெயில் மாற்றப்பட்டது, நீங்கள் செய்யவில்லை என்றால் இதை அழுத்துங்கள்' என்று அந்த ராத்திரியே இன்ஸ்டாகிராமிலிருந்து அவருக்கு மெயில் வந்து, அவர் மூன்று நாள் கழித்துப் பார்த்திருக்கிறார். சரியான நேரத்தில் அழுத்தியிருந்தால் ஒன்பது நாள் ஆகியிருக்காது. ஈமெயிலை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், ஃபோனில் மணி அடிக்கிற மாதிரி வையுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். அந்த எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிட, ஃபோனிலேயே அதை உருவாக்கிக் காட்டும் ஆதன்டிகேட்டர் ஆப் நல்லது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கையே, அதோடு இணைந்த ஃபோன் நம்பருக்கு மாற்று சிம் கார்டு வாங்கிப் பிடித்து, பிட்காயின் பற்றிப் பொய் அறிவிப்பு போட்டார்கள். அந்தக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை ஆறு மாதம் முன்பு ஏதோ தொந்தரவு என்று நிறுத்திவைத்தவர்கள் திரும்பப் போடவே இல்லை. பங்குச்சந்தைக்கே காவல் இருப்பவர்கள்! ஃபோன் தொலைந்தாலும் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, அம்மா சீட்டு நோட்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் இரண்டாம் கட்ட பின் நம்பர் போடுங்கள். உங்கள் ஆர்டர் நோட்டு முழுக்க அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, என்னைச் சிரிக்கவைத்தது. வீடியோ செல்ஃபி எடுத்து அனுப்பியும் இன்ஸ்டாகிராம் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறை, கணக்கில் உங்கள் முகம் இருந்தால்தான் வேலை செய்யும். நாலு வருஷமாக நீங்கள் போட்டது எல்லாம் சங்கரா, வவ்வால், இறால், கடம்பா. யாருடைய முகத்தோடு ஒப்பிடுவார்கள்? உங்கள் முகத்தையும் அம்மா முகத்தையும் போடுங்கள். வாரம் ஒருமுறை ஏலக் கூட்டத்தில் நின்று ஒரு வீடியோ. வாங்குகிறவர்களுக்கும் அது வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் நம்பர்களை, ஆப்பை நம்பாமல், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஐடி போனால், அந்த ராத்திரியே எத்தனை பேருக்கு ஃபோன் போட முடியும் என்பதுதான் கேள்வி.

ஜூன் 14 ராத்திரியோடு தடைக்காலம் முடிகிறது. படகுகள் மீனோடு கரைக்கு வருவதற்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு குரல் மெசேஜ் அனுப்புங்கள், எழுத்தாக வேண்டாம். உங்கள் பேச்சிலேயே, இந்த அளவுக்கு: 'அக்கா, காசிமேட்டுலேருந்து பேசுறேன். மே மாசம் எங்க ஐடியப் புடிச்சி ஏழு பேர்கிட்ட காசு வாங்கிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சும் ஒரு நாள் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன், அது என் தப்பு. இனிமே அட்வான்ஸ் இல்ல. மீனப் பாத்துட்டு காசு குடுங்க. டவுட்டா இருந்தா இதே நம்பருக்கு போன் போடுங்க, நானோ அம்மாவோ எடுப்போம்.' 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பிக்காதீர்கள், தயவு செய்து.

கடைசியாக அந்த அண்ணா நகர் அக்கா. கோபத்தில் அவரை எல்லா இடத்திலும் பிளாக் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மெசேஜை அவர் அனுப்பவில்லை, உங்களுக்கு முன்னால் அவர் ஐடி போயிருக்கிறது. ஒருவேளை அது இன்னும் அவனிடமே இருக்கிறதோ என்னவோ. இன்ஸ்டாகிராமில் தேடாதீர்கள், ஃபோனில் பிளாக்கை எடுத்துவிட்டு நேராகக் கூப்பிடுங்கள்.